குளக்கட்டில் இருநூறு மீற்றர்

2024 ஓகஸ்ட் மாதம், பரிஸ் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்த நாட்கள். ஒரு இரவு என் பெறாமகள் போனைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. "சித்தி, இஞ்ச பாருங்கோ. சைக்கிள் ஓட்டப் போட்டியாம், ரெண்டு பேரும் ஓடாமல் நிக்கினம்."

பார்த்தேன். கிண்ணத்தின் உள்விளிம்புபோலச் சரிந்து நிற்கும் மரத்தளம். அதில் இரண்டு பெண்கள், சைக்கிள் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்தவள் பாதையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்னால் வருபவளின் முன்சில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பின்னவள் சரிவின் மேலிருந்து கீழே பாய்ந்தாள். அதற்குப் பிறகு எல்லாம் பத்துப் பன்னிரண்டு செக்கனில் முடிந்துவிட்டது.

பிள்ளை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தப் போட்டியின் முதல் பாதி எனக்குத் தெரிந்த போட்டி. விசுவமடுவில் எங்கள் சனசமூக நிலைய விளையாட்டு விழாவில் மெதுவான சைக்கிள் ஓட்டம் என்று ஒன்று இருக்கும். சுண்ணாம்புக் கோட்டிலிருந்து கோட்டுக்கு ஓட வேண்டும், கால் நிலத்தில் படக்கூடாது, கடைசியாக வந்து சேருபவருக்குத்தான் பரிசு. இரண்டு வருஷம் நான் அதில் முதலாவதாக வந்தேன். ஒரு முறை கிடைத்த நீல நிற பிளாஸ்ரிக் வாளி, 2009இல் நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிடும்வரை கிணற்றடியில் இருந்தது.

வன்னிப் பெண்களுக்குச் சைக்கிள் விளையாட்டுச் சாமான் இல்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் எங்கள் ஊரில் விறகும் நெல்லும் தண்ணீரும் நோயாளியும் சைக்கிளில்தான் போயின. பதினான்கு வயதில் பின்னால் ஒரு மூட்டையும் முன் பாரில் தம்பியுமாக மணல் ஒழுங்கையில் மெதுவாக, கால் ஊன்றாமல் போகப் பழகியவர்கள் நாங்கள். அந்தக் கைப்பழக்கம் உலகப் போட்டி ஒன்றுக்குத் தேவைப்படும் என்று அந்த இரவு வரை எனக்குத் தெரியாது. அடுத்த கிழமையே பெறாமகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு குளக்கட்டுக்குப் போனேன். நான் பயிற்றுநர் இல்லை, முன்பள்ளி ஆசிரியை. இதில் எழுதுவதெல்லாம் பார்த்தும் படித்தும் பிழைவிட்டும் கற்றவை.

முதலில் இந்தப் போட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். தடச் சைக்கிள் ஓட்டத்தில் இதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். உலகப் போட்டிகள் நடக்கும் தடம் ஒரு சுற்று 250 மீற்றர். வளைவுகளில் கிட்டத்தட்ட 42 பாகை சரிவு. சைக்கிளுக்கு பிறேக் கிடையாது, கியர் மாற்ற முடியாது, பிறீவீலும் இல்லை. சில்லு சுற்றினால் பெடலும் சுற்றும். முதலில் ஒவ்வொருவராக ஓடவிட்டு, வேகம் எடுத்து வந்த பிறகு கடக்கும் 200 மீற்றருக்கு நேரம் எடுப்பார்கள். அதை வைத்துத்தான் யார் யாரோடு மோதுவது என்று தீர்மானிப்பார்கள். பிறகு இரண்டு இரண்டு பேராக மூன்று சுற்று. குலுக்கலில் உள்பக்கம் கிடைத்தவர் முதலில் முன்னே போக வேண்டும். முன்னே போகிறவர் காற்றை வெட்டிக் கொடுக்கிறார், பின்னே வருகிறவர் அந்த மறைவில் சக்தியைச் சேமிக்கிறார். அதனால்தான் யாரும் முன்னே போக விரும்பாமல் நிற்கிறார்கள். அப்படி அசையாமல் நிற்பதற்கும் எல்லை இருக்கிறது, 30 செக்கன்.

பரிஸில் ஜேர்மனியின் லியா பிரெட்ரிக் 200 மீற்றரை 10.029 செக்கனில் ஓடி உலக சாதனை வைத்தாள். மணிக்கு 71 கிலோமீற்றருக்கு மேலே. எங்கள் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் பஸ் போகும் வேகத்தை யோசித்துப் பாருங்கள். ஆனால் தங்கம் வென்றது அவள் இல்லை. இறுதியில் நியூசிலாந்தின் எலீஸ் ஆண்ட்ரூஸ் அவளைத் தோற்கடித்தாள். இதை நான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். மணிக்கூட்டில் வேகமானவள் எதிராளியோடு ஓடும்போது வேகமானவளாக இருப்பாள் என்று சொல்ல முடியாது.

இதை இன்னும் நன்றாக விளங்கப்படுத்துவது 2012 லண்டன் இறுதிப் போட்டி. பிரித்தானியாவின் விக்டோரியா பென்டில்டன், அவுஸ்திரேலியாவின் அன்னா மியர்ஸ். பென்டில்டனின் சொந்த நாட்டில், அவளுடைய கடைசிப் போட்டி. முதல் ஓட்டத்தில் இருவரும் உரசிக்கொண்டு வந்து, பென்டில்டன் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கால் முந்தினாள். ஆனால் உள்பாதைக்கு எல்லையான சிவப்புக் கோட்டுக்கு வெளியே விலகிப் போனாள் என்று நடுவர்கள் அந்த வெற்றியை எடுத்துவிட்டார்கள். கடைசி வேக ஓட்டத்தில் உள்பாதையைப் பிடித்துவிட்டால், தெளிவாக முந்தியிராதவரை அதை விட்டு விலகக்கூடாது. இரண்டாவது ஓட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. முன்னே போன மியர்ஸ் சரிவில் ஏறிக் கிட்டத்தட்ட நின்றேவிட்டாள். பென்டில்டனுக்கும் நிற்க வேண்டும். ஆனால் நிற்க முடியாமல் முன்னே போய்விட்டாள். அவ்வளவுதான். பிறகு மியர்ஸ் பின்னாலிருந்து வந்து கடந்தாள். அந்த ஓட்டத்தை எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து எத்தனை முறை பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. மூன்றாம் முறை பார்க்கும்போது பெறாமகள் சொன்னாள்: "சித்தி, அவ அந்த நிக்கிற இடத்திலயே வெண்டிட்டா."

சரி, குளக்கட்டுக்கு வருவோம்.

கயிற்றால் இருநூறு மீற்றர் அளந்து, இரண்டு பக்கமும் பூவரசந் தடி நட்டோம். போன்தான் மணிக்கூடு. பள்ளிக்கூடம் போகும் லேடீஸ் சைக்கிளில், நிறையத் தூரம் வேகம் எடுத்து வந்து ஓடியதில் பெறாமகளுக்கு 20.4 செக்கன். நான் அதைக் கொப்பியில் எழுதினேன். பிறகு பெரிய பிழை ஒன்று விட்டேன். ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து ஒரே காலையில் பத்து முறை ஓடவிட்டேன். ஓட ஓட நேரம் கூடியது. மூன்று கிழமை இப்படியே போயிற்று. கடைசியில் அவர்களுக்கு அக்கறை இல்லை என்று ஏசினேன். அந்தப் பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றது இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிறகு படித்துத்தான் விளங்கியது. முழு வேகத்தில் பாயும்போது தசை செலவழிக்கும் உடனடிச் சக்தி பத்துச் செக்கன் அளவில் தீர்ந்துவிடும். அது திரும்ப நிறையச் சில நிமிடங்கள் வேண்டும். ஒரு நிமிட ஓய்வில் ஓடவிட்டால் நீங்கள் பழக்குவது களைப்பைத்தான், வேகத்தை இல்லை. இப்போது இருபது நிமிடம் இலேசாக ஓடி உடம்பைச் சூடாக்குகிறோம். பிறகு நான்கு முழு ஓட்டம், கூடினால் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஏழு எட்டு நிமிடம் ஆறுதலாக இருந்து கதைப்போம், தண்ணீர் குடிப்போம். கிழமைக்கு மூன்று நாள். முதல் இரண்டு ஓட்டத்தைவிட மூன்றாவது மிகவும் மெதுவாக வந்தால் அன்றைக்கு அவ்வளவோடு நிறுத்திவிடுவோம். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் சும்மா இருப்பதுபோலத் தெரியும். மாடு சாய்த்துக்கொண்டு போகும் ஐயா ஒருவர், "பிள்ளையள் ஓட வந்ததோ, இருந்து கதைக்க வந்ததோ?" என்று கேட்பார். அந்த இருப்பும் பயிற்சிதான்.

சீற்றின் உயரத்தைச் சரிசெய்ததில் மட்டும் பெரிய வித்தியாசம் வந்தது. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளின் சீற்றைப் பதித்துத்தான் வைப்பார்கள், இரண்டு காலும் நிலத்தில் ஊன்ற வேண்டும் என்று. அப்படி இருந்தால் முழங்கால் மடங்கியே இருக்கும், தொடையின் பலம் பெடலுக்கு இறங்காது. சீற்றில் இருந்து, குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடலை ஆகக் கீழே விடுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் சிறு மடிப்பு மிஞ்சும். அதுதான் அளவு. ரயரில் காற்றை இறுக்க அடியுங்கள். இந்த இரண்டுக்கும் காசு தேவையில்லை.

இனி மெதுவாகப் போவது. வன்னிப் பிள்ளைகளுக்கு நாங்கள் பெருமையாகக் கொடுக்கக்கூடியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிறீவீல் இருக்கும் சாதாரண சைக்கிளில் அசையாமல் நிற்க, சிறு ஏற்றம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். குளக்கட்டில் ஏறும் பாதை நல்லது. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், பலமான கால் முன்னால். காண்டிலை ஏற்றத்தின் பக்கம் சற்றுத் திருப்பி, முன்காலால் மெல்ல அழுத்துங்கள். சைக்கிள் பின்னே வழுக்கப் பார்க்கும், உங்கள் கால் அதை முன்னே தள்ளும். இரண்டும் சமமாகும் இடத்தில் அது நிற்கும். சில்லைக் குனிந்து பார்த்தால் விழுவீர்கள், நாலைந்து அடி தள்ளி ஒரு கல்லைப் பாருங்கள். சின்னவள் முதல் நாள் மூன்று செக்கன் நின்றாள். இரண்டு மாதத்தில் பதினைந்து வந்தது.

திரும்பிப் பார்ப்பதும் பழக வேண்டிய ஒன்று. தடத்தில் எப்போதும் இடப்பக்கம் வளைந்து ஓடுவதால், கடப்பவர் வலப்பக்கமாகத்தான் வருவார். அதனால் வலது தோளுக்கு மேலாகப் பார்க்கப் பழக வேண்டும். சாதாரணமாகத் தலையைத் திருப்பினால் தோளும் காண்டிலும் சேர்ந்து திரும்பும், சைக்கிள் ஆடும். சுண்ணாம்பால் கோடு போட்டு அதன்மேல் ஓடவிட்டு, நான் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும், கோட்டை விட்டும் போகக்கூடாது. எங்கள் குளக்கட்டில் காலையில் மேற்கு நோக்கி ஓடும்போது இன்னொரு வசதி. வெயில் பின்னால் இருப்பதால், பின்னே வருகிறவளின் நிழல் நீண்டு உங்களுக்குப் பக்கத்தில் விழும். பெறாமகள் அந்த நிழலைப் பார்த்தே, தோழி பாயப் போகிறாள் என்பதைச் சொல்லிவிடுவாள். பாய்வதற்கு முன் நிழலின் முழங்கை அகலும் என்று அவளே கண்டுபிடித்தாள். நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை. விளக்கெரியும் மண்டபத்துக்குள் நிழல் இப்படி உதவாது. ஆனாலும் முழங்கை எங்கேயும் முழங்கைதான்.

காற்று மறைவைப் பற்றி நான் படிப்பிக்கத் தேவையே இருக்கவில்லை. சோழகம் அடிக்கும் மாதங்களில் வயல்வெளிப் பாதையால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வரிசையாகத்தான் போவார்கள், சின்னவர்கள் பெரியவர்களுக்குப் பின்னால். நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். உங்கள் முன்சில்லு முன்னே போகிறவரின் பின்சில்லோடு சமாந்தரமாக மேவி நிற்க விடாதீர்கள். அவர் சற்று விலகினாலும் விழுவது நீங்கள்தான், அவர் இல்லை. ஒரு முழம் இடைவெளி விடுங்கள். பாயும்போது அந்த ஒரு முழத்துக்குள்ளேயே வேகத்தை எடுத்து, பிறகு வெளியே வாருங்கள்.

விபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்தாம் மாதம், பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கினோம். தடச் சைக்கிள்போல ஆக்க வேண்டும் என்ற ஆசையில், பிறீவீலை ஒட்டு வைத்து இறுக்கச் சொல்லி ஒரு கடையில் கேட்டேன். செய்து தந்தார்கள். பிறேக்குகளையும் கழற்றித் தந்தார்கள், நானும் சரி என்றேன். பெறாமகள் அதைக் குளக்கட்டில் ஓட்டாமல் காப்பெற் வீதியில் ஓட்டினாள். மதகடியில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. பழக்கத்தில் பெடலை நிறுத்தப் பார்த்தாள். பெடல் நிற்காமல் அவளைத் தூக்கி எறிந்தது. காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி விறாந்தையில் என் அக்கா என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்தச் சைக்கிள் இப்போது பிறீவீலோடும் இரண்டு பிறேக்கோடும் நிற்கிறது. பிறேக் இல்லாத சைக்கிள் மூடிய தடத்துக்கு உரியது. அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், மாடும் நாயும் இல்லை. அங்கேயும் ஆபத்து வராமல் இல்லை. பதினொரு உலகப் பட்டங்கள் வென்ற, ரியோ ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியில் தங்கம் எடுத்த கிறிஸ்டினா ஃபோகல், 2018இல் பயிற்சியின்போது இன்னொருவரோடு மோதி முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு நடக்க முடியாமல் போனாள். அதனால் கட்டின் இரண்டு முனையிலும் ஆள் நிற்காமல் நாங்கள் இப்போது ஓடுவதில்லை. ஒருவர் கையை உயர்த்தினால்தான் மற்றவர் ஓடவிடலாம். ஹெல்மெற் இல்லாமல் வந்தால் அன்றைக்கு மணிக்கூடு பிடிக்கும் வேலைதான். எலும்பு பொருந்தும் வரை பெறாமகள் வீட்டில் இருந்தபோது, அன்னா மியர்ஸ் 2008 ஜனவரியில் கழுத்தெலும்பு முறிந்து, ஏழு மாதத்தில் பீஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி எடுத்த கதையை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மூன்றாம் கிழமையே சைக்கிளில் ஏறிவிடுவாள். வைத்தியர் சரி என்று சொன்ன பிறகுதான் சொன்னேன்.

தாய்மாரோடு கதைப்பது எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. "தொடை பெருத்தால் பிள்ளையை ஆர் கட்டுவினம்?" என்று ஒரு தாய் என்னிடம் நேரே கேட்டார். அவரைப் பிழை சொல்ல மாட்டேன், அவருடைய பயம் அவருக்கு. நான் போனில் ஆண்ட்ரூஸ் பதக்கத்தோடு நிற்பதைக் காட்டினேன். ஆண்களுக்கு இந்தப் போட்டி 1896இல், முதலாவது நவீன ஒலிம்பிக்கிலேயே இருந்தது. பெண்களுக்கு 1988இல் சியோலில்தான் கொடுத்தார்கள். அன்றைக்குச் சோவியத் அணிக்காக வென்ற எரிகா சலுமாயே, 1992இல் பார்சிலோனாவில் சொந்த நாடான எஸ்தோனியாவுக்காக மறுபடியும் வென்றாள். இதையெல்லாம் சொன்னேன். ஆனால் அந்தத் தாயின் மனம் மாறியது, அவருடைய மகள் இரண்டு குடம் தண்ணீரை மூச்சு வாங்காமல் கொண்டுவந்து வைத்த நாளில் என்று நினைக்கிறேன்.

உடம்பு விஷயங்களை வெளிப்படையாகக் கதையுங்கள். மாதவிலக்கு நாட்களில் ஓட விருப்பமா என்று பிள்ளையைக் கேளுங்கள். சிலருக்கு ஓடினால் சுகம், சிலருக்குப் படுத்தால் சுகம். மெத்தை வைத்த சைக்கிள் காற்சட்டை ஒன்று இருந்தால் நல்லது. அதற்கு உள்ளே வேறு உள்ளாடை போடக்கூடாது, தையல் உரசிப் புண்ணாகும். மேலே நீளக் காற்சட்டை போடலாம், எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் போடுகிறார்கள். சாப்பாட்டைக் குறைக்க விடவே வேண்டாம். சாமத்தியப்பட்ட நாட்களில் தரும் உழுத்தங்களியைப் பயிற்சி நாட்களிலும் கிண்டிக் கொடுங்கள். முருங்கையிலை, பயறு, முல்லைத்தீவுக் கடலிலிருந்து வரும் மீன். விலை கூடிய மாப் பெட்டிகள் எதுவும் நாங்கள் வாங்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் அம்மம்மா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். 2004 சுனாமியில் நிறையப் பேரை இழந்தவர். அவருக்கு நான் டெபோரா ஹெரோல்ட்டைப் பற்றிச் சொன்னேன். நிக்கோபார் தீவுப் பிள்ளை. அதே சுனாமியில், ஒன்பது வயதில், மரமொன்றில் நாட்கணக்கில் தொங்கி உயிர் தப்பியவள். பிறகு இந்தியாவுக்காக இதே ஸ்பிரிண்ட் போட்டிகளில் ஓடினாள். அம்மம்மா ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு, ஒரு போத்தலில் தேத்தண்ணீரோடு கட்டடியில் வந்து நின்றார். அன்றிலிருந்து மேற்கு முனையில் கை உயர்த்துகிறவர் அவர்தான்.

ஒரு வருஷம் கழித்துப் பெறாமகளின் நேரம் 16.8 செக்கன். பரிஸோடு ஒப்பிட்டால் தூரம்தான். ஆனால் கெல்சி மிட்செல் கால்பந்து விளையாடிக்கொண்டிருந்துவிட்டு, 2017இல் ஒரு திறமை காண் பரிசோதனைக்குப் பிறகுதான் தடச் சைக்கிளுக்கு வந்தாள். டோக்கியோவில் கனடாவுக்குத் தங்கம் எடுத்தாள். பதினாறு வயது பிந்தவில்லை. வன்னியில் மரத்தடம் இல்லை. ஆகவே வீதி ஓட்டப் போட்டி ஒன்றுக்குத்தான் அவளை அனுப்பினோம். கடைசி வளைவுவரை நான்காவது ஆளாக மறைந்து வந்து, வலது தோளுக்கு மேலால் ஒருமுறை பார்த்துவிட்டுப் பாய்ந்தாள். மூன்றாவதாக வந்தாள். வீடு வரும் வழியில் பஸ்ஸில், "அரைச் செக்கன் முந்திப் பாய்ஞ்சிட்டன் சித்தி, காற்றுக்குள்ள மாட்டிட்டன்" என்றாள். நான் கொப்பியில் அதையே எழுதினேன்.

நேற்றுப் பின்னேரம் பள்ளிக்கூட மைதானத்தில் அவள் அசையாமல் நின்று பழகினாள். சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று சத்தமாக எண்ணினார்கள். இருபத்தாறு, இருபத்தேழு. முன்சில்லு நடுங்கியது, காண்டிலைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. இருபத்தெட்டில் கால் நிலத்தில் பட்டது. "திரும்ப எண்ணுங்கோ" என்று பெடலை மட்டத்துக்குக் கொண்டுவந்தாள்.